‘பெய்டு’ வந்துவிட்டால் கிளெய்ம் சரி என்று அர்த்தமா? அமெரிக்காவில் ஃபார்மசி டெக்னீஷியனாக இருப்பவர்கள் சொல்லுங்கள்

கொன்றைப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். வேலை அனுமதி கிடைத்தபிறகு இங்கே ஒரு ரீடெய்ல் ஃபார்மசியில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறேன். பிரிஸ்கிரிப்ஷன் டைப் செய்வது, மாத்திரை எண்ணுவது எல்லாம் ஓரளவு பழகிவிட்டது. இன்சூரன்ஸ் பக்கம்தான் பிடிபடவில்லை. மருந்துக்குப் பணம் கேட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்பும் கிளெய்மை ஏற்றால் ‘பெய்டு’ என்று வரும், மறுத்தால் ரிஜெக்ட் எண் வரும். 70, 75, 76, 79, 88 என்று ரிஜெக்ட் எண்கள் வந்து நிற்கும்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரிவதில்லை.

ஒரு உதாரணம். ஒரு பெரியவருக்கு டிமோலால் கண் சொட்டு மருந்து, 5 மி.லி. பாட்டில். இரண்டு கண்ணிலும் காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு. போன முறை 30 நாள் என்று பில் ஆகியிருக்கிறது. அவர் 25ஆம் நாள் வந்து மருந்து தீர்ந்துவிட்டது என்கிறார். கிளெய்ம் அனுப்பினால் 79, ‘ரீஃபில் டூ சூன்’, அதாவது அடுத்த முறை வாங்க இன்னும் நாள் ஆகவில்லை. கூட வேலை செய்பவர் சொன்ன வழி இது: “79 வந்தால் டோஸ் மாறிவிட்டது என்று கோடு (குறியீட்டு எண்) போடு, 76 (வரம்பு தாண்டியது) வந்தால் டேஸ் சப்ளையை (மருந்து எத்தனை நாளுக்கு வரும் என்ற எண்ணை)க் குறைத்துப் பார். எது பெய்டு ஆகிறதோ அதை விட்டுவிடு.” நான் செய்யவில்லை. பார்மசிஸ்டிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

நித்யகல்யாணி:

நீங்கள் செய்யாமல் விட்டது ரொம்ப சரி, தங்கை. இந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன், இப்போது லீட் டெக்னீஷியன். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் பேசுவது டேஸ் சப்ளை பற்றித்தான். பில்லிங்கில் மற்றதெல்லாம் கார்டிலிருந்தோ மருந்துப் பெட்டியிலிருந்தோ வருகிறது. கிளெய்ம் எங்கே போக வேண்டும் என்று காட்டும் பின் நம்பர், பிசிஎன், அப்புறம் க்ரூப், மெம்பர் ஐடி எல்லாம் பார்த்து அடிக்க வேண்டியவை. டேஸ் சப்ளை மட்டும் நாம் கணக்குப் போட்டு வைக்கும் எண். அதனால் தவறும் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

உங்கள் கண் சொட்டையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று வைத்துக் கணக்கிடுவார்கள் (சில திட்டங்கள் இதைவிடக் குறைவாக வைக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). 5 மி.லி. என்றால் 100 சொட்டு. ஒரு நாளுக்கு நான்கு சொட்டு. ஆக 25 நாள். யாரோ யோசிக்காமல் ‘ஒரு பாட்டில், ஒரு மாதம்’ என்று 30 போட்டிருக்கிறார்கள். ரீஃபிலுக்கு 85 சதவீத நாள் கடந்திருக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் வைத்திருந்தால், 30 நாள் கணக்கில் 26ஆம் நாள்தான் கதவு திறக்கும். பாட்டில் 25ஆம் நாளே காலி. பெரியவர் அளவாகத்தான் போட்டிருக்கிறார், எண்தான் பொய்.

இதற்கு நேரான வழி உண்டு. பழைய கிளெய்மை இன்னும் ரிவர்ஸ் செய்ய (திரும்பப் பெற) முடியும் என்றால், ரிவர்ஸ் செய்து 25 நாள் என்று சரியாக மறுபடி அனுப்பலாம். காலம் கடந்துவிட்டால் பிபிஎம்மின் (இன்சூரன்ஸுக்காக மருந்துக் கிளெய்ம்களைக் கவனிக்கும் நிறுவனத்தின்) ஹெல்ப் டெஸ்க்கை அழைத்து, போன முறை நாள் கணக்கு தவறு, சரியான கணக்கு இது என்று சொல்லி ஓவர்ரைடு (தடையைத் தாண்ட விதிவிலக்கு) கேட்கலாம். கண் சொட்டு மருந்தை முன்கூட்டியே ரீஃபில் செய்வதற்குப் பல மாநிலங்களில் தனிச் சட்டமே இருக்கிறது, உங்கள் மாநிலத்தில் உண்டா என்று பார்மசிஸ்டைக் கேளுங்கள்.

டோஸ் மாறாதபோது டோஸ் மாறியது என்று கோடு 5 போடுவது பொய்த் தகவல் கொடுத்துப் பணம் வாங்குவது. கிளெய்ம் பெய்டு ஆகிவிடும், அதில் சந்தேகமில்லை. கம்ப்யூட்டர் நீங்கள் சொன்னதை அப்படியே நம்புகிறது, அவ்வளவுதான். பின்னால் யாராவது டாக்டரின் சீட்டை எடுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

ராத்திரி ஷிஃப்ட்:

அக்கா சொல்வதெல்லாம் நியாயம்தான். ஆனால் களத்தில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். டிரைவ் த்ரூவில் நான்கு கார், போன் மூன்று லைனில், உள்ளே தடுப்பூசிக்குக் காத்திருக்கிறார்கள். ஹெல்ப் டெஸ்க்கை அழைத்தால் இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் இப்படி உட்கார்ந்தால் கடை நடக்குமா?

அப்புறம், சரியான எண்ணைப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. இன்சுலின் பேனா ஐந்து கொண்ட பெட்டி. பேஷண்ட் தினமும் 22 யூனிட் போடுகிறார். பெட்டி 60 நாளுக்கு மேல் வரும். திட்டமோ 30 நாளுக்கு மேல் தராது, 76 அடிக்கிறது. என்ன செய்வது? 30 என்று மாற்றினால் உடனே பெய்டு. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், திட்டத்தின் விதியே நம்மை அங்கே தள்ளுகிறது.

நித்யகல்யாணி:

தம்பி, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை, ஆள் குறைவு என்பது உண்மையான பிரச்சினை. ஆனால் அந்த இன்சுலின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், கொன்றைப்பூவுக்கும் உதவும்.

ஒரு பேனா 3 மி.லி., ஒரு மி.லி.க்கு 100 யூனிட், ஆக 300 யூனிட். ஐந்து பேனா 1500 யூனிட். தினம் 22. ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்க 2 யூனிட் வெளியே விட வேண்டும், ஆக 24. 1500ஐ 24ஆல் வகுத்தால் 62 நாள். பில் செய்யும் அளவு 15 மி.லி. இங்கே ‘5’ என்றோ ‘1’ என்றோ அடித்துவிடுபவர்கள் நிறைய. இன்சுலின் மி.லி. கணக்கில் போகும், மாத்திரை எண்ணிக்கைக் கணக்கில், களிம்பு கிராம் கணக்கில்.

இப்போது 30 நாள் வரம்பு. பெட்டியைப் பிரித்துக் கொடுக்க வழியிருந்தால் இரண்டு பேனா கொடுங்கள், 600 யூனிட், 25 நாள். பிரிக்கக் கூடாத பெட்டி என்றால் அந்தத் திட்டத்தின் கையேட்டில் அதற்கென்று ஒரு வழி எழுதியிருக்கும். சிலர் உண்மையான நாளைப் போட்டு ஓவர்ரைடு வாங்கச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் சொன்னபடி செய்து, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள் என்று பிரிஸ்கிரிப்ஷனில் குறிப்பு எழுதிவையுங்கள். நாமாகவே 62ஐ 30 ஆக்குவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 30 என்று போட்டுவிட்டால் அடுத்த மாதமே ஆட்டோ ரீஃபில் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆறு மாதத்தில் பேஷண்ட் வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று பெட்டி கூடுதலாக இருக்கும், எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் பணம் கட்டியிருக்கும்.

காப்பேயும் (பேஷண்ட் தன் கையிலிருந்து கட்டும் பங்கும்) மாறும். மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) பார்ட் டியில், அதாவது அதன் மருந்துப் பிரிவில், 2023 ஜனவரி முதல் இன்சுலினுக்கு ஒரு மாத அளவுக்கு 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. எத்தனை மாத அளவு என்பதை அந்தக் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்வது நாம் போடும் டேஸ் சப்ளையை வைத்துத்தான்.

வயல் (இன்சுலின் குப்பி) என்றால் இன்னொரு விஷயம். கிளார்ஜின் இன்சுலின் 10 மி.லி. வயலில் 1000 யூனிட், தினம் 20 போடுபவருக்கு 50 நாள் வரும் என்று கணக்கு சொல்லும். ஆனால் திறந்த வயலை 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். ஆகவே 28.

எண்ணெழுத்து:

நான் கடையில் இல்லை, ஆடிட் கடிதங்களுக்குப் பதில் அனுப்பும் பக்கத்தில் வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் அந்தப் பக்கத்துக் கதை.

பிபிஎம் ஆடிட் இரண்டு வகையாக வரும். ஒன்று, கடிதத்தில் சில கிளெய்ம்களைக் குறிப்பிட்டு ஆவணம் கேட்பது. இன்னொன்று, ஆளே கடைக்கு வந்து உட்காருவது. இரண்டிலும் அவர்கள் பார்ப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: டாக்டரின் அசல் சீட்டு, அதில் உள்ள அளவும் நாம் அனுப்பிய அளவும், டேஸ் சப்ளை, கையெழுத்துப் பதிவு, மருந்தை மொத்த விற்பனையாளரிடமிருந்து வாங்கிய இன்வாய்ஸ். எண் பொருந்தாவிட்டால் ரீகூப், அதாவது கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பது. பல ஒப்பந்தங்களில் வித்தியாசத் தொகையை மட்டும் பிடிப்பதில்லை, மருந்தின் விலை உட்பட முழுக் கிளெய்மும் போய்விடும். மருந்தோ பேஷண்ட் கையில். பிராண்ட் இன்சுலின், இன்ஹேலர், விலை உயர்ந்த களிம்பு, கண் மருந்து, இவைதான் ஆடிட்டர்கள் முதலில் தேடுபவை. எல்லாமே டேஸ் சப்ளை தடுமாறும் மருந்துகள் என்பதைக் கவனியுங்கள்.

ஆல்புட்டரால் இன்ஹேலரைப் பாருங்கள். 200 பஃப். ‘தேவைப்பட்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பஃப்’ என்றால் அதிகபட்சம் நாளுக்கு 12, ஆக 16 நாள். பலர் கண்ணை மூடிக்கொண்டு 30 போடுகிறார்கள்.

இன்னொன்று, இதைப் பேசாமல் விடுகிறார்கள்: வாங்கிப் போகாத மருந்து. பில் ஆகிப் பையில் போட்டு அலமாரியில் தொங்குகிறது, யாரும் வரவில்லை. பெரும்பாலும் 14 நாளுக்குள் கிளெய்மை ரிவர்ஸ் செய்து மருந்தை ஸ்டாக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு ரிவர்ஸ் செய்ய மறந்தால், மெடிகேர் போன்ற அரசுத் திட்டம் என்றால், கொடுக்காத மருந்துக்கு அரசிடம் பணம் வாங்கியதாக ஆகிவிடும். 2024 செப்டம்பரில் ஒரு மிகப் பெரிய சங்கிலி நிறுவனம் இதே விவகாரத்தில் 106.8 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ரிடர்ன் டு ஸ்டாக் பட்டியலை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ராத்திரி ஷிஃப்ட்:

ஆடிட் பயம் காட்டினால் மேனேஜர் கேட்பார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கையில் என்ன இருக்கிறது? பாதிச் சீட்டில் டாக்டர் எழுதுவதே ‘யூஸ் ஆஸ் டைரக்டட்’. அதற்கு நான் என்ன நாள் கணக்குப் போடுவேன்?

மாத்திரைப்பெட்டி:

பார்மசிஸ்டாக நான் பதில் சொல்கிறேன். அந்தச் சீட்டை அப்படியே அனுப்பாதீர்கள், எங்களிடம் கொடுங்கள். டாக்டர் ஆபீசை அழைத்து நாளுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டு, தேதி, நேரம், பேசியவர் பெயரோடு எழுதிவைத்தால் போதும்.

டேஸ் சப்ளையை வெறும் பில்லிங் விஷயமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மீத்தோட்ரெக்ஸேட் 2.5 மி.கி., 24 மாத்திரை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை ஆறு மாத்திரை என்றால் 28 நாள். அதே சீட்டு ‘தினமும் ஆறு’ என்று டைப் ஆகியிருந்தால் கணக்கு 4 நாள் என்று வரும். அந்த 4ஐப் பார்த்ததும் டெக்னீஷியன் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மீத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எந்த எண்ணையும் 30 ஆக்கி அனுப்பும் பழக்கம் உள்ள கடையில் இந்த 4 யார் கண்ணிலும் படாது. எனக்கு ஆடிட்டைவிட இதுதான் பெரிய பயம். அலெண்ட்ரோனேட் 70 மி.கி. நான்கு மாத்திரையும் இப்படித்தான், வாரம் ஒன்று, 28 நாள்.

88 பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மருந்துகளுக்கிடையே மோதல், ஒரே வகை மருந்து இரண்டு, டோஸ் அதிகம் என்பது போன்ற எச்சரிக்கை. அதைத் தாண்ட மூன்று கோடு போட வேண்டும்: என்ன பிரச்சினை, யாரிடம் பேசினோம், என்ன முடிவு. ‘எம் ஸீரோ’ என்று போட்டால் டாக்டரிடம் பேசியாகிவிட்டது என்று அர்த்தம். பேசாமலே அதைப் போடும் டெக்னீஷியன்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது மருத்துவத் தீர்ப்பு, பார்மசிஸ்டின் வேலை. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள்.

கொன்றைப்பூ:

ரொம்ப நன்றி, சார். மீத்தோட்ரெக்ஸேட் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். இப்போது 70க்கும் 75க்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் நாங்கள் டாக்டர் ஆபீசுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ‘இரண்டு மூன்று நாள் ஆகும்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அப்புறம், வயதானவர்கள் பலர் சிவப்பு வெள்ளை நீல மெடிகேர் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். அதைப் போட்டால் எதுவும் போவதில்லை.

நித்யகல்யாணி:

75 என்றால் மருந்து பட்டியலில் இருக்கிறது, டாக்டர் காரணம் சொல்லி முன் அனுமதி வாங்க வேண்டும். 70 என்றால் இந்த மருந்துக்குக் காப்பீடு இல்லை. 70 வந்ததும் பிரையர் ஆத் (முன் அனுமதி) ஃபேக்ஸ் அனுப்புவதற்குமுன் கீழே உள்ள மெசேஜைப் படியுங்கள். பல நேரம் அதிலேயே எந்த மருந்துக்கு மாற்றினால் போகும் என்று எழுதியிருக்கும். அந்த மாற்று மருந்தின் பெயரையும் சேர்த்து டாக்டருக்கு அனுப்பினால் வேலை ஒரே நாளில் முடியலாம். சில சமயம் அதே மருந்தின் வேறு என்டிசி (தயாரிப்பின் அடையாள எண்) போட்டிருந்தாலே போய்விடும். 76 என்றால் அளவு அல்லது நாள் வரம்பைத் தாண்டிவிட்டது.

‘இரண்டு மூன்று நாள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மருந்தில்லாமல் வெறுங்கையோடு அனுப்புவதற்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மெடிகெய்டா (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு)? முன் அனுமதி தேவைப்படும் மருந்துக்கு அவசர நிலையில் 72 மணி நேரத்துக்கான மருந்தைக் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டமே இடம் தருகிறது. பார்ட் டி திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவரா? முதல் 90 நாளுக்குள், ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்துக்கு ஒரு மாத அளவு தற்காலிகமாக வாங்க வழி உண்டு, டிரான்சிஷன் ஃபில் என்பார்கள். பார்ட் டியில் சாதாரண முன் அனுமதிக்கு 72 மணி நேரம், அவசரம் என்று டாக்டர் குறிப்பிட்டால் 24 மணி நேரம். ‘அவசரம்’ என்று எழுதச் சொல்லுங்கள் என்று பேஷண்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு இரண்டு நாள் மிச்சம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாருக்கும் நேரமில்லாமல் போவதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

சிவப்பு வெள்ளை நீல கார்டு பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவு), பார்ட் பி (டாக்டர் செலவு போன்றவை) இரண்டுக்கும் உரியது. மாத்திரைக்கு பார்ட் டி கார்டு தனி. அது இல்லாவிட்டால் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் சிஸ்டத்தில் ‘ஈ ஒன்’ தேடல் இருக்கும். பெயர், பிறந்த தேதி, மெடிகேர் எண் கொடுத்தால் எந்தத் திட்டம், பின், பிசிஎன் என்ன என்று திரும்பி வரும். அதற்காக அந்த மெடிகேர் கார்டைத் தள்ளி வைக்காதீர்கள். சர்க்கரை சோதிக்கும் ஸ்டிரிப், நெபுலைசர் மருந்து இவையெல்லாம் பார்ட் பி.

கூப்பன் கார்டு பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். மருந்துக் கம்பெனி தரும் காப்பே கார்டை மெடிகேர், மெடிகெய்டு, டிரைகேர் (ராணுவத்தினருக்கான காப்பீடு) கிளெய்மோடு சேர்த்துப் போடவே கூடாது. பேஷண்ட் கெஞ்சினாலும் கூடாது. அது ஆன்டி கிக்பேக் சட்டத்தில் (ஆதாயம் காட்டி வியாபாரம் பிடிப்பதைத் தடுக்கும் சட்டத்தில்) போய் நிற்கும்.

மாத்திரைப்பெட்டி:

இன்சூரன்ஸ் போடாமல் காசு கொடுத்து வாங்கினால் குறைவு என்றால் அதைச் சொல்லுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சில ஒப்பந்தங்கள் எங்கள் வாயைக் கட்டிவைத்திருந்தன. 2018 அக்டோபரில் வந்த இரண்டு சட்டங்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டன. ஆனால் காசு கொடுத்தால் அந்தத் தொகை டிடக்டிபிளில் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் பேஷண்ட் கட்ட வேண்டிய தொகையில்) தானாகச் சேராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிஏடபிள்யூ கோடும் (ஜெனரிக் கொடுக்காமல் பிராண்டு ஏன் என்று சொல்லும் குறியீடு) கவனம். பிராண்டுதான் வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தால் 1, பேஷண்ட் கேட்டால் 2, திட்டமே பிராண்டை விரும்பினால் 9. பேஷண்ட் கேட்டதற்கு 1 போட்டால் அவருக்குக் காப்பே குறையும், ஆடிட்டில் சீட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

வானம்பாடி:

நான் டெக்னீஷியன் இல்லை, வாசகி. என் மாமனார் கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார். இரண்டு மாதம் ஊருக்குப் போகிறார். பிரஷர் மாத்திரை மொத்தமாக வாங்கப் போனால் 79 என்கிறார்கள். இதற்கு வழி உண்டா?

நித்யகல்யாணி:

உண்டு, அம்மா. பயணத்துக்கென்றே ‘வெகேஷன் சப்ளை’ என்று ஒரு கோடு இருக்கிறது, எண் 3. அவருடைய திட்டம் அதை ஏற்கிறதா, வருடத்துக்கு எத்தனை முறை என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து, போகும் தேதி, வரும் தேதி சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் 90 நாள் சீட்டு வாங்குவது அதைவிடச் சுலபம். தூக்க மாத்திரை, கடும் வலி மருந்து போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. புறப்படுவதற்கு முதல் நாள் வராமல் இரண்டு வாரம் முன்பே ஃபார்மசிக்குப் போங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:

இது பயனுள்ள கேள்வி. ‘தொலைந்துபோனது’ என்று கோடு 4 போட்டு அனுப்பிவிடும் கடைகளும் இருக்கின்றன. எண்ணெழுத்து சொன்னதைப் படித்தபிறகு அதுவும் சரியில்லை என்றுதான் படுகிறது.

என் பங்குக்கு ஒரு யோசனை. ஜனவரியில் பாதிப் பேருக்குக் கார்டு மாறியிருக்கும், 65 (காப்பீட்டில் இல்லாதவர்), 69 (காப்பீடு முடிந்துவிட்டது) என்று வரிசையாக ரிஜெக்ட் விழும். சீட்டு கொடுக்க வரும்போதே ‘இந்த வருடம் இன்சூரன்ஸ் மாறியதா, புதுக் கார்டு காட்டுங்கள்’ என்று கேட்டு ஸ்கேன் செய்துவிட்டால், மருந்து வாங்க வரும்போது நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இல்லாமல் போகும். எங்கள் ஷிஃப்டில் இதைச் செய்துவருகிறோம். ஹெல்ப் டெஸ்க் அழைப்புகளையும் மதியம் கூட்டம் குறையும் நேரத்துக்குச் சேர்த்துவைத்து ஒருவரே செய்கிறார். அவசர மருந்து மட்டும் உடனே.

எண்ணெழுத்து:

ராத்திரி ஷிஃப்ட், அழைப்புகளுக்கு ஒருவரை நிறுத்தியது நல்ல ஏற்பாடு. அழைத்த தேதியும் ரெஃபரன்ஸ் எண்ணும் சிஸ்டத்தில் ஏறினால் ஆடிட் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு அதுவே போதும்.

கொன்றைப்பூ:

கடைசியாக ஒன்று, அக்கா. ஸ்லைடிங் ஸ்கேல் இன்சுலின். சர்க்கரை அளவுக்கு ஏற்ப 2 முதல் 10 யூனிட் வரை, நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். இதற்கு எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

நித்யகல்யாணி:

அதிகபட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 யூனிட், மூன்று வேளை, 30. பேனா என்றால் ஒவ்வொரு வேளைக்கும் சோதிக்க 2 சேர்த்து 36. ஐந்து பேனா 1500 யூனிட், 41 நாள். சீட்டில் நாளுக்கு அதிகபட்சம் எத்தனை யூனிட் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதிவைத்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.